ரம்மியை விட்டு இரண்டு வருடம் தாண்டிவிட்டது, அவமானம்தான் விடமாட்டேன் என்கிறது

பனியன்_கணக்கு (ஞாயிறு, இரவு 11:52)

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். வயது 35. 2020 ஊரடங்கில் கம்பெனி மூடிக்கிடந்தபோது செல்போனில் ரம்மி ஆட ஆரம்பித்தேன். முதலில் ஐம்பது, நூறு. அந்த வருடம் நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடை செய்தது, ஆப் திறக்கவில்லை, நானும் எட்டு ஒன்பது மாதம் தொடவில்லை. 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அந்த வாரமே மறுபடி உள்ளே போனேன். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கதவு திறந்தால் நுழைகிற ஆளாக இருந்தேன், அவ்வளவுதான்.

2023 ஜூன் வரை மொத்தம் 11,40,000 ரூபாய் போனது. தங்கச்சி கல்யாணத்துக்கு அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்த 4 லட்சமும் அதில் அடக்கம். கல்யாணம் நிற்கவில்லை, அம்மாவுக்குத் தெரியாமல் வட்டிக்கு வாங்கி நடத்தினேன். அப்புறம் ஒருநாள் வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. அப்போது தங்கச்சி தன் கழுத்திலிருந்த 4 பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொன்னாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளைக்குத் தெரியாது. இன்னும் அதை மீட்டுக் கொடுக்கவில்லை.

அதோடு விட்டேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கெல்லாம் சட்டம் போட்டு மூடியபோது என் போனில் மூடுவதற்கு எதுவும் இல்லை. கடன் இன்னும் 3,10,000 பாக்கி, மாதாமாதம் கட்டுகிறேன்.

இப்போது தங்கச்சி மகளுக்கு அடுத்த மாதம் காதுகுத்து. தாராபுரம் பக்கம் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். அவள் மூன்று தடவை போன் பண்ணிவிட்டாள், "அண்ணா, அந்தத் தேதி உனக்கு ஒத்து வருமா" என்று. ஆடிட் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சங்கிலி அடகுக்கடையில் கிடக்கும்போது, நான் புது வேட்டி கட்டி, மாலை போட்டு, சீர்த்தட்டுக்குப் பின்னால் மேளத்தோடு நடந்து போவதா? நினைத்தாலே உடம்பு கூசுகிறது. சில ராத்திரிகளில் நாம் இருந்து என்ன பிரயோஜனம் என்றுகூடத் தோன்றுகிறது.

அரசு ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் போகிறேன். அங்கே இருக்கும் மேடம், "இதே தப்பை உங்கள் நெருங்கிய நண்பர் செய்திருந்தால் அவரிடம் எப்படிப் பேசுவீர்கள்? அதே மாதிரி உங்களிடம் பேசிப் பாருங்கள்" என்றார். ஒரு ராத்திரி முயற்சி பண்ணினேன். இரண்டு நிமிடம் தாங்கவில்லை, குமட்டிக்கொண்டு வந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டு என் தலையை நானே தடவிக் கொடுத்துக்கொள்வதா? இது தன்னிரக்கம் இல்லாமல் வேறு என்ன? யாருக்காவது இது உண்மையிலேயே வேலை செய்திருக்கிறதா, சொல்லுங்கள்.

நெறியாளர் (திங்கள், காலை 6:10)

அந்தக் கடைசி நினைப்பு வரும் ராத்திரிகளில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மேடத்திடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இழை தொடரட்டும்.

தாமிரபரணி_தாத்தா (திங்கள், காலை 6:45)

தம்பி, மனம் நோகச் சொல்லவில்லை. உறுத்துகிறது என்றால் நீ நல்ல குடும்பத்துப் பையன் என்று அர்த்தம். அந்த உறுத்தல்தான் இத்தனை நாள் உன்னை ஆடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது, அதைக் கழற்றிப் போட ஏன் துடிக்கிறாய்? "தினைத்துணையாங் குற்றம் வரினும் பனைத்துணையாக் கொள்வர் பழிநாணு வார்" என்று வள்ளுவர் சும்மாவா சொன்னார். தினையளவு தப்பையே பனையளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார், நீ செய்ததோ பனையளவே இருக்கிறது. இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் உன்னை நீ நேசி, உன்னை நீ கட்டிப்பிடி என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் தப்பு செய்தவன் தெருவில் தலை குனிந்து நடப்பான், ஊரும் பார்த்துக்கொள்ளும்.

சொல்_பொறுக்கி (திங்கள், காலை 8:20)

ஐயாவுக்கு ஒன்று, பனியன் கணக்குக்கு ஒன்று.

ஐயா, அந்தக் குறள் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வருவது. அங்கே கடிதல் என்றால் நீக்குதல், விலக்குதல். குற்றத்தைப் பெரிதாகப் பார்த்து அதை அண்டவிடாமல் காத்துக்கொள்ளச் சொல்கிற பாட்டு. செய்துவிட்ட ஆளை ஆயுள் முழுக்கச் சாட்டையால் அடி என்று அதில் எனக்குத் தெரியவில்லை.

தம்பி, உங்கள் குழப்பத்தில் பாதி சொல்லால் வந்தது. தன்னிரக்கம் என்றாலே நம் காதில் "ஐயோ நான் பாவம்" என்றுதான் விழும், சுயபச்சாதாபமும் அதே கதை. ஆங்கிலத்தில் செல்ஃப் பிட்டி வேறு, செல்ஃப் கம்பேஷன் வேறு. இரண்டாவதற்குத் தமிழில் இன்னும் ஊர் ஒத்துக்கொண்ட சொல் இல்லை. தற்கருணை, தன்பரிவு, சுயகருணை என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எனக்குத் தன்பரிவு பிடிக்கும், ஏனென்றால் பரிவு கொஞ்சம் வேலை செய்கிற சொல். காய்ச்சல்காரனைப் பரிவோடு பார்த்துக்கொள்கிறவள் கசப்பு மருந்தையும் கொடுப்பாள். "ஐயோ பாவம்" சொல்கிறவர் வாசலோடு திரும்பிப் போய்விடுவார்.

ஒன்பது_வருஷம் (திங்கள், மதியம் 1:05)

சவாரி இல்லை, ஆட்டோவில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள்.

எனக்குச் சீட்டு கிடையாது, சரக்கு. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. தாத்தா சொன்னதற்கு என் அனுபவம் நேர் எதிர். குடித்த காலத்தில் தினமும் காலையில் அழுவேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து நாயே என்பேன். ஒருதடவை பொண்டாட்டி முன்னால் என் செருப்பைக் கழற்றி நானே என் கன்னத்தில் அடித்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். ரொம்ப வருஷம் கழித்துத்தான் புரிந்தது, அந்த அழுகையும் அடியும்தான் கடைக்கு நான் எடுத்த டிக்கெட். தண்டனை அனுபவித்தாயிற்று, கணக்கு நேராகிவிட்டது, இன்றைக்குப் புதுசாகக் குடிக்கலாம். உள்ளே இப்படித்தான் ஓடியிருக்கிறது, எனக்கே தெரியாமல்.

தம்பி, நீ உன்னைத் திட்டிக்கொள்வதால் உன் தங்கச்சிக்கு ஒரு ரூபாய் வந்திருக்கிறதா? யோசி. சவாரி வந்துவிட்டது.

இன்னொரு_பக்கம் (திங்கள், இரவு 9:30)

எல்லோரும் ஆடினவர் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் மற்றப் பக்கம். என் வீட்டுக்காரர் ஆடினார். தொகை சொல்ல விரும்பவில்லை, ஒரு மனை போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் ஏதோ ஒரு வகுப்புக்குப் போனார். ஒரே வாரத்தில் முகம் தெளிந்து வந்தார். "என்னை நான் மன்னித்துவிட்டேன், இனி முன்னோக்கித்தான் பார்க்கப் போகிறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பணத்தைத் தொலைத்தது அவர், மன்னித்ததும் அவர், நடுவில் நான் எங்கே இருக்கிறேன்? நான் பேச ஆரம்பித்தால், "பழையதைக் கிளறாதே, என் மனநிலை கெடுகிறது" என்பார். அந்தத் தன்பரிவு எங்கள் வீட்டில் எனக்கு வாய்ப்பூட்டாக வந்து சேர்ந்தது.

அதனால் பனியன் கணக்கு, உங்களைக் காயப்படுத்த அல்ல, ஒரே ஒரு கேள்வி. வீட்டில் பாஸ்புக்கைக் காட்டிவிட்டீர்களா?

உப்புக்காற்று (செவ்வாய், காலை 7:15)

நாகர்கோவில் பக்கம் ஒரு மீட்பு மையத்தில் ஆற்றுப்படுத்துநராக இருக்கிறேன். மருத்துவர் இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இதில் நிறையச் சிக்கிக்கொண்டு வெளியே வந்த ஆள் நான்.

முதலில் குமட்டல். அது நல்ல அறிகுறிகூட இல்லை, கெட்ட அறிகுறியும் இல்லை, ரொம்பச் சாதாரணம். கிறிஸ்டோபர் ஜெர்மர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்குத் தீயணைப்புக்காரர்களிடமிருந்து பேக்டிராஃப்ட் என்ற சொல்லைக் கடன் வாங்கினார். அடைத்த அறைக்குள் காற்றில்லாமல் தீ அடங்கிக் கனன்றுகொண்டிருக்கும், கதவைத் திறந்ததும் காற்று புகுந்து குபீரென்று எரியும். வருடக்கணக்கில் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர் திடீரென்று அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் உள்ளே கிடந்தது எல்லாம் ஒரே மூச்சில் மேலே வரும். அந்த நேரத்தில் பயிற்சியை நிறுத்திவிட்டு பாத்திரம் கழுவுங்கள், உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், போதும். நண்பனாகப் பேசிப் பார் என்பது எடுத்த எடுப்பில் பலருக்குத் தூக்க முடியாத பாரம்.

பிரிட்டனில் பால் கில்பர்ட் என்பவர் அவமானமும் தன்னைத் தானே குதறுவதும் அதிகமாக உள்ளவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வளர்த்தார். அவர் கவனித்த ஒரு விஷயம் எனக்கு மறக்காது. நோயாளிகள் "இது முழுக்க என் தப்பு இல்லை" மாதிரியான சரியான வாக்கியங்களைக் கற்றுக்கொண்டார்கள், ஆனால் அதையே உள்ளுக்குள் அதட்டும் குரலில்தான் சொல்லிக்கொண்டார்கள். வாக்கியம் மாறியது, குரல் மாறவில்லை. எங்கள் மையத்தில் நான் வார்த்தைகளையே தொடுவதில்லை முதல் வாரம். "இந்த மாதத் தவணையைக் கட்டு" என்பதை வட்டிக்காரர் குரலில் ஒருதடவை, உங்கள் அம்மா குரலில் ஒருதடவை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். வேலை அதேதான், உடம்பு கேட்கும் விதம் வேறு.

கில்பர்ட் மனதை மூன்றாகப் பிரிப்பார். ஆபத்து வந்தால் அலறும் பகுதி, எதையாவது துரத்தி ஓடும் பகுதி, ஆற்றித் தேற்றும் பகுதி. அவமானம் முதல் பகுதியை இரவும் பகலும் அலற வைக்கும். அதிலிருந்து தப்பிக்க இரண்டாவதுக்குள் ஓடுவோம். ரம்மி அதுதானே? 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்துப் பட்டியலிட்டபோது அதன் அடையாளங்களில் மூன்றை இப்படிப் போட்டது: விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பி வருவது, எவ்வளவு ஆடினோம் என்று பொய் சொல்வது, குற்ற உணர்விலும் மனச்சோர்விலும் இருக்கும்போது ஆடுவது. அந்த மூன்றாவதைத் தாத்தா கவனிக்க வேண்டும். உறுத்தல் ஒரு பக்கம் பிடித்து நிறுத்துகிறது, இன்னொரு பக்கம் அதுவே பிடரியில் கைவைத்துத் தள்ளவும் செய்கிறது.

அப்புறம் ஜூன் டாங்னி என்ற அமெரிக்க உளவியலாளர். இவர் குற்ற உணர்வையும் அவமானத்தையும் தனித்தனியாக அளந்தவர். "கெட்ட காரியம் செய்துவிட்டேன்" என்பது முதலாவது, "நான் கெட்டவன்" என்பது இரண்டாவது. முதலாவது மனிதனைத் திருத்தத் தூண்டும், இரண்டாவது ஒளியத் தூண்டும் என்று அவர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது. 2014இல் சிறைக்கைதிகளை விடுதலைக்குப் பிறகு ஓராண்டு கழித்துப் பார்த்த ஆய்வு ஒன்றை அவர் குழு வெளியிட்டது. குற்ற உணர்வு உள்ளவர்கள் மறுபடி தப்பு செய்வது குறைந்திருந்தது. அவமானத்துக்கு மட்டும் இரண்டு முகம்: அது பழியை அடுத்தவர்மேல் போட வைத்தால் மறுபடி குற்றத்துக்கு இழுக்கிறது, அப்படிப் பழி போடாதவர்களிடம் தடுக்கவும் செய்கிறது. ஆக தாத்தா சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை.

இன்னொரு பக்கம் அக்கா, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

தாமிரபரணி_தாத்தா (செவ்வாய், காலை 7:50)

பாதியாவது கொடுத்தீர்களே, நன்றி.

பனியன்_கணக்கு (செவ்வாய், இரவு 12:40)

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். ஆட்டோ அண்ணா கேட்டதுதான் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்குப் பிள்ளை என்பதால் கணக்கு பாஷையிலேயே சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு மேலாக ராத்திரி ராத்திரி நான் கட்டிக்கொண்டிருந்தது வட்டி மட்டும்தான். அசல் அப்படியே நிற்கிறது.

அக்கா கேட்ட பாஸ்புக்குக்கு வருகிறேன். இதை இங்கே எழுதுவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. உங்களிடம் 11,40,000 என்று எழுதினேன் இல்லையா. வீட்டில் நான் சொன்னது 6,80,000. மீதி 4,60,000 அம்மாவுக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது. அதைத் தனியாக, வெளியே கணக்கு எழுதிக் கொடுத்து அடைத்துக்கொண்டு வந்தேன். சங்கிலி இன்னும் மீளாததற்குக் காரணமும் அதுதான், அவள் பணம் என்று ஒதுக்கியதெல்லாம் அந்தக் கடனுக்குப் போனது. "ஏண்ணா இவ்வளவு நாள் ஆகுது" என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இன்னொரு_பக்கம் (புதன், காலை 5:55)

நினைத்தேன்.

தாமிரபரணி_தாத்தா (புதன், காலை 6:30)

தம்பி, நேற்று வரை உன்னோடு வாதம் செய்தேன். இன்றைக்கு ஒன்றே ஒன்று. காதுகுத்துக்கு முன்னால் சொல்லிவிடு. அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பொய்யோடு உட்காராதே. கூசுகிறது என்றாயே, அது சங்கிலிக்காகக் கூசவில்லை, இதற்குத்தான் கூசியிருக்கிறது. என் தம்பி ஒருவன் இப்படித்தான் ஒரு தொகையை மறைத்து வைத்து, பதினாறு வருடம் என் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. நாங்கள் அவனைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தொகை என்ன தெரியுமா, 22,000.

ஒன்பது_வருஷம் (புதன், காலை 10:10)

தாத்தா 🙏

உப்புக்காற்று (புதன், இரவு 8:40)

தாத்தாவின் கடைசிப் பதிவுக்குப் பிறகு எனக்குச் சொல்ல நிறைய இல்லை, இருந்தாலும் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தேன்.

அக்கா, உங்கள் கோபம் நியாயம். உங்கள் வீட்டுக்காரர் செய்ததைத் தன்பரிவு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன்னை மன்னிப்பது வேறு. அதுவும் நீங்கள் பேசி முடிப்பதற்குள் அவர் முடித்துக்கொண்டது, ஒளிந்துகொள்வதில் இன்னொரு வகை. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003இல் இந்தக் கருத்தை ஆய்வுக்குக் கொண்டுவந்தபோது மூன்று பங்கு சொன்னார்: தன்னிடம் கனிவு, இது மனிதருக்கெல்லாம் வருவதுதான் என்ற உணர்வு, வலியைப் பெரிதாக்காமலும் மூடாமலும் உள்ளபடி பார்ப்பது. எல்லோரும் முதல் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். உள்ளபடி பார்ப்பது வீட்டில் பாஸ்புக்காகத்தான் வரும், நீங்கள் சரியான இடத்தில்தான் கைவைத்தீர்கள்.

இளகிப் போய்விடுவோமோ என்ற பயத்துக்கு ஒரு பதில் உண்டு. கலிபோர்னியாவில் ப்ரைன்ஸ், சென் என்ற இருவர் 2012இல் சில சோதனைகளை வெளியிட்டார்கள். ஒன்றில், தாங்கள் செய்து உறுத்திக்கொண்டிருந்த ஒரு தப்பை நினைவுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு சாராரை மட்டும் தங்களிடம் பரிவோடு எழுத வைத்தார்கள். அவர்களுக்குத்தான் மன்னிப்புக் கேட்கவும் திரும்பச் செய்யாமலிருக்கவும் அதிக உந்துதல் இருந்தது. இன்னொன்றில், கஷ்டமான சொல் தேர்வில் சறுக்கியவர்களில் பரிவு சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். ஆய்வுக்காகச் செய்த சோதனைதான், வீடும் வட்டியும் வேறு என்று தெரியும். ஆனாலும் திட்டினால்தான் திருந்துவான் என்ற நம் ஊர் நம்பிக்கையை நான் இதைப் படித்த பிறகுதான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். எங்கள் அப்பாவிடம் பெல்ட்டால் வாங்கியவன் நான், அதனால் கொஞ்சம் தாமதம்.

பனியன் கணக்கு, தங்கச்சியிடம் பேசுவதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். உங்களுக்கு நீங்களே. நண்பன் வேண்டாம், குமட்டும். உங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இதே கணக்கோடு உங்களிடம் வந்தால், வேலையை எப்படிச் சரிபண்ணச் சொல்வீர்களோ அப்படி. அவனை நாயே என்பீர்களா?

இன்னொரு_பக்கம் (புதன், இரவு 10:15)

சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், வாங்குகிற பக்கத்திலிருந்து. உங்கள் பாரம் இறங்குவதற்காக அவள் தலையில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவளுக்கு ஒழிந்த நேரம் எது என்று கேளுங்கள். மாப்பிள்ளை முன்னால் வேண்டாம், அம்மாவோடு சேர்த்தும் வேண்டாம். அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அவள் கோபம் பாதியில் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் ஆனது, இன்றும் அந்தக் கோபம் தொண்டையில் இருக்கிறது. தொகையைச் சொல்லுங்கள், எப்போது முடியும் என்று சொல்லுங்கள், அப்புறம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

சொல்_பொறுக்கி (வியாழன், காலை 7:00)

இதைவிட நல்ல பதிவு இந்த இழையில் வரப்போவதில்லை.

பனியன்_கணக்கு (சனி, இரவு 11:20)

எழுதினேன். நான்கு வரிதான் வந்தது. கம்பெனி பையன் என்று நினைத்துக்கொண்டு எழுதியதால் மரியாதையோடு வந்திருக்கிறது, சிரிக்காதீர்கள்.

"தம்பி, தொகை பெரியது, தெரிகிறது. மாட்டிக்கொண்ட பயத்தில் பாதியைச் சொன்னீர்கள், பயந்தவன் செய்வதுதான் அது, நீங்கள் முதல் ஆள் இல்லை. இப்போது முழுத் தொகையை ஒரே தாளில் எழுதுங்கள், அடகுச் சீட்டைப் பின் பண்ணுங்கள். நாளைக்கு நானும் கூட வருகிறேன்."

அந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை குமட்டவில்லை. கூட வருகிறேன் என்று நான் இதுவரை எனக்குச் சொன்னதே இல்லை போலிருக்கிறது. நாளைக்கு மதியம் மாப்பிள்ளை மில்லில் இருப்பார், வரச் சொல்லியிருக்கிறாள்.

ஒன்பது_வருஷம் (ஞாயிறு, காலை 6:00)

போய்ட்டு வா. என்ன ஆனாலும் ராத்திரி இங்கே ஒரு வரி போடு, ஆட வேண்டும் போல இருந்தால் வரி போடாமல் போன் பண்ணு, நம்பர் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

பனியன்_கணக்கு (ஞாயிறு, இரவு 10:05)

சொல்லிவிட்டேன். தாளைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு "இன்னும் ஏதாவது இருக்கா" என்றாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். மூன்று தடவை கேட்டாள். அப்புறம் குழந்தைக்குச் சாதம் ஊட்டப் போய்விட்டாள், நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். அழவில்லை அக்கா. பஸ்ஸில் அழுதேன்.

பனியன்_கணக்கு (வியாழன், மாலை 6:30)

நான்கு நாளாகப் போன் இல்லை. இன்று ஒரு மெசேஜ். "சீர்த்தட்டு எத்தனை எடுக்கிறாய், ஒற்றைப்படையில் எடு. சங்கிலி தை மாதத்துக்குள் வேண்டும், இனி தேதி மாற்றாதே." அவ்வளவுதான்.

தாமிரபரணி_தாத்தா (வியாழன், இரவு 7:00)

ஒன்பது தட்டு எடு. பதினொன்று வேண்டாம், கடன் இருக்கிறது.

பனியன்_கணக்கு (மூன்று வாரம் கழித்து, திங்கள் காலை 9:15)

நேற்று முடிந்தது. ஏழு தட்டு. தோடு ஒரு கிராம்தான் முடிந்தது. மடியில் வைத்துக்கொண்டேன், ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அவள் என் சட்டைப் பொத்தானைப் பிடுங்கி, மாலையில் மூக்கைத் துடைத்துவிட்டாள். கூசவில்லையா என்றால், கூசியது. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்குத் தெரியுமோ என்று சந்தேகம் வந்து, சோறு இறங்கவில்லை. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, தம்பி கூட வருகிறேன் என்றுதான் சொன்னோம், கூசாது என்று சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் கிடா விருந்தில் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தங்கச்சி முகம் கொடுத்துப் பேசவில்லை இன்னும். பாத்திரக் கணக்கு மட்டும் கேட்டாள்.

இன்னொரு_பக்கம் (திங்கள், இரவு 9:50)

பேச மாட்டாள், கொஞ்ச நாள் ஆகும். அவசரப்படுத்தாதீர்கள். தை மாதத்தை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.

இந்த இழையை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்தார். பாஸ்புக் இன்னும் வரவில்லை.

புது_உறுப்பினர்_417 (செவ்வாய், நள்ளிரவு 1:30)

எல்லாவற்றையும் இப்போதுதான் படித்து முடித்தேன். எனக்கும் இதே மாதிரி, ரம்மி இல்லை, கிரிக்கெட் பெட்டிங். ஒரு இரண்டு லட்சம் இருக்கும். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஒன்பது_வருஷம் (செவ்வாய், காலை 5:40)

வா தம்பி, உட்கார். சரியான தொகை எவ்வளவு?

புது_உறுப்பினர்_417 (செவ்வாய், காலை 5:58)

3,75,000.